தராசைப் பிடித்த கை

ஹிஜ்ரி 739ஆம் ஆண்டில் (கி.பி. 1338-39) தகிய்யுத்தீன் ஸுப்கி (ரஹ்) எகிப்திலிருந்து திமஷ்க் நகருக்குத் தலைமைக் காழியாக வந்து சேர்ந்தார். உடன் வந்த மகன் தாஜுத்தீனுக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டிய பருவம். டமாஸ்கஸ் என்று இன்று நாம் அழைக்கும் அந்நகரில் அப்போது ஹதீஸ் கலையின் இரு பேராசான்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர். ஒருவர் ஜமாலுத்தீன் மிஸ்ஸி. மற்றவர் ஷம்ஸுத்தீன் தஹபி. சிறுவர் தாஜுத்தீன் தஹபியிடம் நாள்தோறும் இருமுறை, காலையிலும் அஸர் வேளையிலும், செல்வார். மிஸ்ஸியிடமோ வாரத்திற்கு இரண்டே முறை. காரணத்தை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார். தஹபி தம்மீது மிகுந்த அன்பு காட்டினார். மிஸ்ஸி கடுத்த முகமும் அச்சந்தரும் தோற்றமும் உடையவர். இவ்வழக்கம் தலைகீழாக இருந்திருக்கலாகாதா என்பது தந்தையின் எண்ணமாக இருந்ததாம்.

அந்தச் சிறுவர் வளர்ந்து, ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்களைத் தலைமுறை வாரியாகத் தொகுத்துரைக்கும் 'தபகாத்துஷ் ஷாஃபிஇய்யா அல்-குப்ரா' எனும் பெருநூலை இயற்றினார். அந்நூலில், நாள்தோறும் இருமுறை தேடிச் சென்ற அதே ஆசானைப் பற்றி ஒரு கடுமையான தீர்ப்பை எழுதினார். ஓர் அஷ்அரியைத் தஹபி இகழ்ந்தாலோ, ஒரு ஹன்பலியைப் புகழ்ந்தாலோ, அவ்விரண்டையும் ஆதாரமாகக் கொள்வது கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். தஹபி பொய்யுரைத்தார் என்று அவர் சொல்லவில்லை. மார்க்கப் பேணுதலில் குறையுடையவர் என்றும் சொல்லவில்லை. தராசைப் பிடித்த கை ஒரு பக்கம் சாய்ந்தது என்றார்.

இது ஏன் அத்துணைப் பெரிய செய்தி என்பதை உணர, தஹபி எழுதிய நூல்களுள் ஒன்றின் பெயரே போதும். 'மீஸானுல் இஃதிதால்' என்பது அதன் பெயர். நடுநிலைத் தராசு என்று தமிழில் சொல்லலாம். குறை கூறப்பட்ட ஹதீஸ் அறிவிப்பாளர்கள் ஏறத்தாழ 11,000 பேரை எடைபோடும் நூல் அது. நடுநிலை என்பதைத் தம் நூலின் பெயராகவே வைத்த ஒருவரின் நடுநிலை வழக்குக்கு வந்துவிட்டது.

அந்த வழக்கைப் புரிந்துகொள்ளச் சில நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நபிமொழி ஒவ்வொன்றும் அறிவிப்பாளர் தொடரைக் கொண்டே நம்மை வந்தடைகிறது. தொடரில் உள்ள ஒவ்வொருவரும் வாய்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா என்று ஆராய்ந்து குறை கூறுவதை 'ஜர்ஹ்' என்றும், நேர்மைச் சான்று வழங்குவதைத் 'தஃதீல்' என்றும் வழங்குவர். ஜர்ஹ் என்ற சொல்லின் நேர்ப்பொருள் காயப்படுத்துதல். பிறர் குறையைப் புறத்தே பேசுவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அப்படியிருந்தும் நபி (ஸல்) அவர்கள் பெயரால் பொய் புகுந்துவிடலாகாதே என்ற நெருக்கடியால் இத்துறையில் மட்டும் அது கடமையாயிற்று. ஒரு திறனாய்வாளரின் ஒற்றைச் சொல்லால் ஒரு மனிதர் ஆயுள் முழுதும் சுமந்து திரிந்த ஹதீஸ்கள் அனைத்தும் ஒதுக்கப்படலாம். தகாத ஒருவரின் கூற்று நபிமொழியாக நிலைபெறவும் கூடும். முஸ்லிம்களின் மானம் நரகக் குழிகளுள் ஒன்று என்றும், அதன் விளிம்பில் நிற்போர் ஹதீஸ் கலையினரும் நீதிபதிகளுமே என்றும் எகிப்தின் தலைமைக் காழியாக விளங்கிய இப்னு தகீகுல் ஈத் (ம. ஹி. 702 / கி.பி. 1302) எச்சரித்தது இதனால்தான். அவர் ஹதீஸ் அறிஞர், நீதிபதி இரண்டுமாக இருந்தவர் என்பதை நினைவிற்கொள்க.

திருக்குர்ஆன் இவ்வகையில் இரு கட்டளைகளை விதித்துள்ளது. உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது ஒன்று (4:135). ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது மற்றொன்று (5:8). முதலாவது அன்பினால் வரும் சாய்வைக் குறித்தது. இரண்டாவது வெறுப்பினால் வருவதைக் குறித்தது.

அன்பின் சாய்வை நம் முன்னோர் வென்ற விதம் வியப்புக்குரியது. இமாம் புகாரியின் ஆசான்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனி (ம. ஹி. 234 / கி.பி. 849) அவர்களிடம், அவருடைய தந்தை அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபரின் தகுதியைப் பற்றிக் கேட்டனர். வேறெவரிடமாவது கேளுங்கள் என்றார். அவர்கள் விடவில்லை. சற்று நேரம் தலைகுனிந்திருந்து, பின் நிமிர்ந்து, இது மார்க்கம், என் தந்தை பலவீனமானவர் என்று சொன்னாராம். தலைகுனிந்திருந்த அந்தச் சிறு பொழுதை அறிவித்தவர் விட்டுவிடாமல் பதிந்து வைத்தது நமக்குப் பேருதவி. வகீஃ இப்னுல் ஜர்ராஹ் தம் தந்தை வாயிலாக ஒரு ஹதீஸைச் சொல்லும்போது, இன்னோர் அறிவிப்பாளரையும் சேர்த்தே சொல்வார் என்பர். தந்தை ஆட்சியாளரின் கருவூலப் பொறுப்பில் இருந்தவர். ஸைத் இப்னு அபீ உனைஸா, என் சகோதரரிடமிருந்து எதையும் ஏற்காதீர்கள் என்று வெளிப்படையாகவே எச்சரித்ததை இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்.

வெறுப்பின் சாய்வு இவ்வளவு எளிதாக வசப்படவில்லை. காரணத்தை ஊகித்துப் பார்க்கிறேன். தந்தையைக் குறை சொல்ல நேர்ந்தவருக்குத் தம் நெஞ்சில் எது குறுக்கே நிற்கிறது என்பது தெரியும். பாசம் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. வெறுப்போ சத்தியத்தின் மீதுள்ள ரோஷமாகவும் மார்க்கப் பற்றாகவும் வேடமிட்டு வந்து நிற்கும். வேடமிட்டிருப்பது அதை உடையவருக்கே தெரிவதில்லை.

மதீனாவில் இமாம் மாலிக் (ம. ஹி. 179 / கி.பி. 795) அவர்களுக்கும் நபிவரலாற்றின் முன்னோடியான முஹம்மத் இப்னு இஸ்ஹாக்குக்கும் இடையே நிகழ்ந்ததைப் பாருங்கள். மாலிக்கின் கல்வியைக் கொண்டு வாருங்கள், அதற்கு நான்தான் கால்நடை மருத்துவன் என்று இப்னு இஸ்ஹாக் பேசியதாக மாலிக்கின் செவிக்கு எட்டியது. மாலிக், அவரைத் தஜ்ஜால்களுள் ஒருவர் என்றே சொல்லிவிட்டார். ஹதீஸ் உலகில் மாலிக்கின் சொல்லுக்கு இருந்த மதிப்பை நோக்கின், இப்னு இஸ்ஹாக்கின் கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடிந்திருப்பின், இப்னு ஹிஷாம் வழியாக நமக்குக் கிடைத்துள்ள நபிவரலாற்றின் பெரும்பகுதி கேள்விக்குறியாகியிருக்கும். ஷுஃபா போன்ற பெருந்திறனாய்வாளர் அவரைப் போற்றினார். இமாம் புகாரியும் தம் சிறு நூலொன்றில் அவருக்காகப் பரிந்து எழுதினார். மாலிக்கின் பெருமையும் குறையவில்லை; கோபத்தில் பிறந்த அவருடைய சொல் தீர்ப்பாக ஏற்கப்படவும் இல்லை.

இமாம் நஸாயி, எகிப்தின் அஹ்மத் இப்னு ஸாலிஹைக் கடுமையாகச் சாடினார். அவருடைய பாடசபையிலிருந்து நஸாயி வெளியேற்றப்பட்ட செய்தி தெரிந்தபின் பின்னோர் அச்சாடலை ஏற்கவில்லை. அபூ இஸ்ஹாக் ஜூஸஜானி (ம. ஹி. 259 / கி.பி. 873) கூஃபா நகரத்து அறிவிப்பாளர்களைப் பற்றிச் சொல்பவற்றை நிறுத்தி நிதானித்தே கொள்ள வேண்டும் என்று இப்னு ஹஜர் பிற்காலத்தில் விதி செய்தார். ஜூஸஜானி அலீ (ரலி) அவர்களுக்கு எதிரான மனப்போக்கு உடையவர். கூஃபாவோ அலீயின் பால் பற்றுள்ள நகரம்.

இவற்றையெல்லாம் விடக் கனமானது நைஸாபூரில் நிகழ்ந்தது. ஹி. 250இல் (கி.பி. 864) இமாம் புகாரி அந்நகருக்கு வந்தபோது அங்கே கோலோச்சிய ஹதீஸ் மேதை முஹம்மத் இப்னு யஹ்யா துஹலி. முதலில் தம் மாணவர்களையே புகாரியிடம் போய்க் கேளுங்கள் என்று அனுப்பியவர் அவர்தான். பின்னர், மனிதன் குர்ஆனை ஓதும் ஓசை படைக்கப்பட்டதா எனும் அந்நாளைய நெருப்புப் பிரச்சினை எழுந்தது. மனிதரின் செயல்கள் படைக்கப்பட்டவை என்ற புகாரியின் நுட்பமான கூற்று வேறுவிதமாகப் பரப்பப்பட்டது. புகாரியிடம் செல்வோர் என் அவைக்கு வரவேண்டாம் என்று துஹலி அறிவித்தார். முஸ்லிம் இப்னுல் ஹஜ்ஜாஜ் அவையிலிருந்து எழுந்தார். துஹலியிடமிருந்து எழுதி வைத்திருந்த ஏடுகளையெல்லாம் சுமையாளர் தலையில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். துஹலியின் கடிதம் ரை நகரை எட்டியது. அங்கிருந்த அபூ ஸுர்ஆவும் அபூ ஹாதிமும் புகாரியின் ஹதீஸ்களை விட்டுவிட்டார்கள் என்று அபூ ஹாதிமின் மகனே தம் நூலில் எழுதியுள்ளார். ஸஹீஹுல் புகாரியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சம் துணுக்குறும். இஸ்லாமிய உலகின் மிகக் கூர்மையான இரு திறனாய்வாளர்கள், அந்தக் கலையின் உச்சியில் நின்றவரைப் பற்றித் தவறினார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர்.

இனி, புகாரி செய்ததைக் காண்போம். தம்மை நைஸாபூரை விட்டே கிளம்பச் செய்த துஹலியின் ஹதீஸ்கள் சுமார் 30ஐத் தம் ஸஹீஹில் அவர் சேர்த்திருக்கிறார். துஹலி வாய்மையாளர் என்பது அவருக்குத் தெரியும். தம் உள்ளத்தில் உள்ள வடு அதை மாற்றிவிடாது என்பதும் தெரியும். ஆனால் எந்த இடத்திலும் முஹம்மத் இப்னு யஹ்யா துஹலி என்று முழுப்பெயரை எழுதவில்லை. 'முஹம்மத்' என்று மட்டும் சொல்லிப் போவார். அல்லது பாட்டனார் பெயரோடு சேர்த்துச் சொல்வார். உரையாசிரியர்கள் இதற்குத் தக்க காரணங்கள் பல கூறுவர். எனக்கோ அந்த விடுபட்ட பெயரில் ஒரு மனிதரின் காயமும், அக்காயத்தை வென்ற நேர்மையும் ஒருங்கே தெரிகின்றன.

அலீ (ரலி) அவர்களைக் கொன்ற இப்னு முல்ஜமைப் புகழ்ந்து பாடியவர் என அறியப்பட்ட காரிஜீக் கவிஞர் இம்ரான் இப்னு ஹித்தானின் அறிவிப்பும் ஸஹீஹுல் புகாரியில், ஆடைகள் பற்றிய பகுதியில், இடம்பெற்றுள்ளது. கொள்கையால் அருவருப்பூட்டுபவர் பேச்சில் பொய்யர் அல்லர் என்ற வேறுபாட்டை அங்கீகரிக்க எத்தகைய மனவுறுதி வேண்டியிருக்கும்!

இத்தகைய நிகழ்வுகள் கூடக்கூட விதிகள் பிறந்தன. காரணம் விளக்கப்படாத குறைகூறலை ஏற்கத் தயங்க வேண்டும் என்ற விதியை உஸூலுல் ஹதீஸ் ஓதிய எவரும் அறிவர். அதைவிட நுட்பமானது, சமகாலத்தவர் ஒருவர் மீது ஒருவர் சொல்லும் குறையைச் சான்றின்றி ஏற்கலாகாது என்பது. அந்தலுஸின் இப்னு அப்தில் பர் (ம. ஹி. 463 / கி.பி. 1071) கல்வியின் சிறப்புப் பற்றிய தம் நூலில் இதற்கெனவே ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கினார். அவர் மாலிகீ மத்ஹபினர். அப்படியிருந்தும் இப்னு இஸ்ஹாக் பற்றி மாலிக் சொன்னதும் அந்த அத்தியாயத்தில் விலக்கப்பட வேண்டிய கூற்றுகளின் வரிசையில் வருகிறது. ஷாஃபிஈயைக் குறித்து யஹ்யா இப்னு மயீன் சொன்னதையும் அவர் மறுத்தார். மாலிக், ஷாஃபிஈ, அபூஹனீஃபா மூவரின் சிறப்பையும் ஒரே நூலில் தொகுத்து எழுதியவரும் அவரே.

இந்த மரபின் கனிந்த வாரிசாகத் தஹபி (ஹி. 673-748 / கி.பி. 1274-1348) வருகிறார். விதியை அவரைப் போல வேறொருவர் அழகாகச் சொன்னதில்லை என்பது என் கருத்து. இஸ்ஃபஹான் நகரத்தின் இரு பெரியார்களான அபூ நுஐமும் இப்னு மன்தாவும் ஒருவரை ஒருவர் கடுஞ்சொற்களால் தாக்கிக்கொண்டனர். அபூ நுஐமைப் பற்றிய மீஸான் குறிப்பில், இவ்விருவரில் ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொல்வதை ஏற்கமாட்டேன், இருவருமே எனக்கு ஏற்புடையவர்கள் என்கிறார் தஹபி. இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைச் சொல்லாமல் கொள்ளாமல் அறிவித்துச் சென்றதை விடப் பெரிய குற்றம் எதையும் அவர்களிடம் தாம் அறியவில்லை என்று ஒரு குத்தலும் உண்டு. தொடர்ந்து, பகையாலோ மத்ஹப் வேற்றுமையாலோ பொறாமையாலோ சமகாலத்தவர் பேசிக்கொள்வது பொருட்படுத்தத் தக்கதன்று, நபிமார்களும் ஸித்தீக்குகளும் நீங்கலாக எந்தக் காலத்தவரும் இதிலிருந்து தப்பியதாகத் தாம் அறியவில்லை, விரும்பினால் இதைப் பற்றி ஏடு ஏடாக எழுதித் தள்ளலாம் என்று சொல்கிறார். கூஃபாவின் ஷீஆ அறிவிப்பாளர் அபான் இப்னு தக்லிபைப் பற்றி அவர் தந்த தீர்ப்பும் புகழ்பெற்றது. அவருடைய வாய்மை நமக்கு, அவருடைய பித்அத் அவருக்கு என்பது அதன் கருத்து.

இவ்வளவு தெளிந்தவர் எங்கே சறுக்கினார்?

ஸலாஹுத்தீன் அலாயி (ம. ஹி. 761 / கி.பி. 1359) ஜெருசலத்தில் ஆசிரியராக விளங்கியவர், தஹபியை நன்கறிந்தவர். அவருடைய கைப்பிரதியிலிருந்து ஒரு பகுதியைத் தாஜுத்தீன் ஸுப்கி தம் நூலில் பெயர்த்தெழுதியுள்ளார். தஹபியின் மார்க்கத்திலோ பேணுதலிலோ ஆய்வுக் கவனத்திலோ எனக்கு ஐயமில்லை என்று அலாயி தொடங்குகிறார். ஆயினும் இறைப்பண்புகளை உள்ளவாறே கொள்ள வேண்டும் எனும் கருத்தும், அவற்றுக்கு விளக்கப்பொருள் தேடுவோர் மீதான விலகலும் அவரை ஆட்கொண்டு, இயல்பையே ஒருபுறம் திருப்பிவிட்டன என்கிறார். தம் சார்பினர் ஒருவரைப் பற்றி எழுதினால் கேள்விப்பட்ட நற்பண்புகளையெல்லாம் விரித்துரைப்பார். பிழைகளைக் காணாதவர் போலக் கடப்பார். இயன்றவரை சமாதானமும் சொல்வார். இமாமுல் ஹரமைன், கஸ்ஸாலி போன்ற மறுதரப்பினர் என்றால் புகழ்ச்சி சுருங்கிவிடும்; குறைகூறியோரின் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். இதையே மார்க்கம் என்று நம்புகிறார். தாம் இவ்வாறு செய்வதை அவர் உணர்வதில்லை. அலாயியின் கருத்தை இவ்வாறு தொகுத்துக் கூறலாம்.

உணர்வதில்லை என்பதுதான் இதன் உயிர்நிலை. ஒருவரைப் பொய்யர் என்பதற்கும் காழ்ப்புணர்ச்சி உள்ளவர் என்பதற்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு நிலை உண்டு என்பதை எட்டாம் நூற்றாண்டின் ஓர் ஆலிம் கண்டு பெயர் சூட்டாமல் விவரித்துவிட்டார். அது இறையச்சத்துடன் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடியது. இறையச்சமே அதற்கு எரிபொருளும் ஆகலாம்.

ஸுப்கி காட்டும் சான்றுகளுள் ஒன்று மறுக்க இயலாதது. ஹதீஸ் அறிவிப்பாளர்களைப் பற்றியது மீஸான். பக்ருத்தீன் ராஸியும் (ம. ஹி. 606 / கி.பி. 1210) ஸைஃபுத்தீன் ஆமிதியும் (ம. ஹி. 631 / கி.பி. 1233) இறையியல், உஸூல் அறிஞர்கள், ஹதீஸ் அறிவிப்புக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. அவர்களுக்கு இந்நூலில் என்ன வேலை? அதிலும் ராஸியின் பெயர் முஹம்மத். முஹம்மத்களின் வரிசையில் வர வேண்டியவர் 'அல்-பக்ரு' என்ற பட்டப்பெயரின் கீழ் வந்து நிற்கிறார். இவ்வளவுக்கும், பின்பற்றப்படும் பெரிய இமாம்களை அவர்களுடைய மாண்பு கருதி இந்நூலில் சேர்க்கவில்லை என்று தஹபி முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.

அலாயியின் குற்றச்சாட்டைச் சரிபார்க்க விரும்பி, 'ஸியரு அஃலாமிந் நுபலா'வில் கஸ்ஸாலி (ரஹ்) பற்றிய பகுதியைப் புரட்டினேன். நம்மவருக்குக் கஸ்ஸாலி மீதுள்ள பற்று சொல்லித் தெரிய வேண்டியதன்று. நானும் அப்பற்றில் வளர்ந்தவன். முதல் வாசிப்பில் பக்கத்துக்குப் பக்கம் கண்டனங்களே கண்ணில் பட்டன. அலாயி சொன்னது முற்றிலும் உண்மை என்று குறித்தும் வைத்தேன். சில வாரங்கள் கழித்து மீண்டும் படித்தபோதுதான், ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்றும் கடல் என்றும் காலத்தின் அற்புதம் என்றும் தஹபி தொடங்கியிருந்தது தெரிந்தது. அறிவிலும் சிறப்பிலும் அபூ ஹாமிதுக்கு நிகர் எங்கே, ஆனால் பிழையே செய்யாதவர் என்று நாம் சொல்வதில்லை என்ற கருத்தில் அவருக்காக இறைஞ்சும் வரியும் இருந்தது. அவை முதல் நாளும் அதே இடத்தில்தான் இருந்திருக்கும். கண்டனங்கள் மிகுதி என்பதை இப்போதும் மறுக்கமாட்டேன். ஆனால் அலாயியின் சொல்லைப் பாதியளவே ஏற்பேன்.

தஹபியின் தரப்பிலும் ஒரு காயம் உண்டு. ஹி. 742இல் (கி.பி. 1341) மிஸ்ஸி மறைந்தபோது, இப்னுஸ் ஸலாஹும் நவவியும் அமர்ந்திருந்த தாருல் ஹதீஸ் அஷ்ரஃபிய்யாவின் தலைமை இருக்கை காலியானது. தஹபியை விடத் தகுதியானவர் அன்று யாருமில்லை. தலைமைக் காழி தகிய்யுத்தீன் ஸுப்கி உறுதியான அஷ்அரி. எனினும் தஹபியின் பெயரையே முன்மொழிந்தார். தஹபி அஷ்அரி அல்லர் என்று எதிர்ப்பு எழுந்தது. மிஸ்ஸியே தாம் அஷ்அரி எனக் கைப்பட எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்த இருக்கையைப் பெற்றார் என்று வாதிட்டனர். விவகாரம் ஆளுநரின் அவைவரை சென்றது. முடிவில் இருக்கை தஹபிக்குக் கிடைக்கவில்லை. தகிய்யுத்தீனே அதில் அமர நேர்ந்தது. இச்செய்தியை நமக்குச் சொல்பவரும் தாஜுத்தீன்தான். கொள்கையின் பெயரால் தள்ளப்பட்ட ஒருவரின் எழுத்தில் கொள்கைச் சாய்வைத் தேடுகிறபோது இதையும் நிறுவையில் வைக்க வேண்டாமா? தாஜுத்தீன் வைத்ததாகத் தெரியவில்லை.

அந்தத் தந்தை தம் கைப்பட எழுதி வைத்திருந்த ஒரு குறிப்பை மகன் காப்பாற்றித் தந்துள்ளார். வரலாற்றாசிரியருக்கு இருக்க வேண்டிய தகுதிகள் அதில் உள்ளன. உண்மை பேச வேண்டும். கேட்ட சொல்லை அப்படியே தர வேண்டும், கருத்தை மட்டும் அன்று. யாரிடம் கேட்டார் என்று பெயர் குறிக்க வேண்டும். பிறரை எடைபோடும்போது சொற்களின் நுண்பொருள் தெரிந்திருக்க வேண்டும். அம்மனிதரின் முழுநிலையையும் மனக்கண்ணில் கொண்டுவந்து நிறுத்தும் கற்பனையும் வேண்டும். இல்லையேல் சொல் கூடியோ குறைந்தோ போய்விடும். கடைசித் தகுதி, மன இச்சை மேலோங்காதிருப்பது. விருப்பமானவரை நீட்டிப் புகழவும் மற்றவரைச் சுருக்கவும் அதுவே தூண்டும். இங்கே தகிய்யுத்தீன் ஒரு கிளைவழி காட்டுகிறார். ஒன்று, இச்சையே இல்லாதவராக இருக்க வேண்டும், அது அரிது. அல்லது அந்த இச்சையை அடக்கும் அளவுக்கு நீதியுணர்வு இருக்க வேண்டும். முதலாமவருக்காகக் காத்திராமல் இரண்டாமவரைக் கொண்டே வரலாறு எழுதப்பட்டாக வேண்டும் என்பதை அந்த முதிய நீதிபதி அறிந்திருந்தார்.

கதை இங்கே நிற்கவில்லை. நூறாண்டு கழித்து ஸகாவி (ம. ஹி. 902 / கி.பி. 1497) வரலாற்றுக் கலையைப் பழிப்போருக்கு மறுப்பாக ஒரு நூல் எழுதினார். அதில் தஹபியின் பக்கம் நின்று, சார்புடையவர் ஸுப்கியே என்று சாடும் சொற்களை எடுத்தாண்டார். அதே ஸகாவி தம் நூற்றாண்டினரின் வரலாற்றை எழுதியபோது, சமகாலத்தவரான ஸுயூதியைப் பிறர் நூல்களைத் தமதாக்கிக்கொண்டவர் என்றெல்லாம் கிழித்தெறிந்தார். ஸுயூதி சும்மா இருப்பவரா? 'அல்-காவீ' என்று ஒரு சிறு நூல் வந்தது. ஸகாவியின் வரலாற்று நூலுக்குச் சூடு போடுவது என்பது அதன் பெயருக்குப் பொருள்; ஸகாவியின் பெயரோடு எதுகையும் அமைந்துவிட்டது. பின்னும் முந்நூறாண்டு கடந்து, யமன் நாட்டின் ஷவ்கானி (ம. ஹி. 1250 / கி.பி. 1834) இவ்விருவரையும் பற்றி எழுத நேர்ந்தது. சமகாலத்தவரின் சொல் சமகாலத்தவர் மீது செல்லாது என்ற பழைய விதியை எடுத்து ஸுயூதியை விடுவித்தார். ஸகாவி தம் நூலை அத்தாக்குதல்களிலிருந்து காத்திருக்கலாமே என்று வருந்தினார்.

நம் நாட்டிலும் லக்னோவின் அப்துல் ஹை (ம. ஹி. 1304 / கி.பி. 1886) இவ்விதிகளையெல்லாம் தொகுத்து 'அர்ரஃப்உ வத்தக்மீல்' என்ற நூலை யாத்தார். மீஸானின் சில அச்சுப்படிகளில் இமாம் அபூஹனீஃபா பற்றிக் காணப்படும் குறிப்பு தஹபியுடையதன்று, இடைச்செருகல் எனக் கொள்ளத் தக்கது என்று வாதிட்டோருள் அவரும் ஒருவர். நாற்பது வயதைக் கூட எட்டாமல் மறைந்த அந்த மேதைக்கும் சமகாலத்தவரான போபால் நவாப் ஸித்தீக் ஹஸன் கானுக்கும் நடந்த ஏட்டுப் போர் தனிக்கதை.

மீண்டும் தாஜுத்தீனிடம் வருவோம். தஹபியை நம்பலாகாது என்ற தீர்ப்பு தபகாத்தின் முற்பகுதியில் உள்ளது. அஹ்மத் இப்னு ஸாலிஹைப் பற்றி எழுதும்போது இடையே எழுந்த ஒரு நீண்ட விலகல் அது. பல பாகங்கள் தள்ளி, தஹபியின் காலத்துத் தலைமுறை வரும்போது, அவருக்கென்று ஒரு பகுதி வந்தே ஆக வேண்டும்; அவரும் ஷாஃபிஈ மத்ஹபினர் அல்லவா? அங்கே தாஜுத்தீன், இவர் எங்கள் ஆசான் என்று எழுதுகிறார். இந்தச் சமுதாயம் முழுவதும் ஒரே திடலில் கூட்டப்பட்டது போலவும், தஹபி அதை உற்றுப் பார்த்துவிட்டு, உடனிருந்து கண்டவர் போல ஒவ்வொருவரையும் பற்றிச் சொல்லத் தொடங்கியது போலவும் இருந்தது என்கிறார். ஆசான் இறந்தபோது தாம் பாடிய இரங்கற்பாவையும் சேர்த்து வைத்திருக்கிறார். முற்பகுதியில் எழுதிய தீர்ப்பை அதற்காக அவர் அழிக்கவும் இல்லை.